ஏறமாட்டேன் என்றவர்

சிவனணைந்தபெருமாள் கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டு ஒரு விமானத்தோடு குடித்தனம் நடத்துகிறார் என்று தென்காசிப் பக்கம் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. ஊருக்குக் கிழக்கே, குற்றாலத்துச் சாரல் எட்டிப் பார்க்காத பொட்டல்காட்டில், உலகப் போர்க் காலத்தில் அவசர அவசரமாகப் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் ஒன்று கிடந்தது. போர் முடிந்ததும் அது வெள்ளாடுகளுக்குச் சொந்தமாகிவிட்டது. அதன் ஓரத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில், இரண்டு எஞ்சின் வைத்த டகோட்டா விமானம் மூக்கை மேற்கே தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குக் காவலும் பெருமாள்தான், வைத்தியமும் பெருமாள்தான்.

அவருக்குச் சொந்த ஊர் வடகரை. நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போவது அவர்களிடம் வழக்கம். பெருமாள் விமானப்படையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். போருக்குப் பிறகு சென்னையில் சரக்கு விமானம் விடுகிற ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்தது. போரில் ஓடி ஓய்ந்து, வருஷக்கணக்கில் புல்லுக்குள் நிறுத்தி வைத்திருந்த டகோட்டாக்களை அந்தக் கம்பெனி வாங்கும். பெருமாளும் மற்ற மெக்கானிக்குகளும் அவற்றைப் பிரித்து, துடைத்து, மாற்ற வேண்டியதை மாற்றி, மறுபடி பறக்க வைப்பார்கள். சும்மா நின்றால் விமானம் கெடாது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில், ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம்.

அந்தச் சென்னைக் கம்பெனியின் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. சட்டப் புத்தகம் எதிலும் கிடையாது. ஆனாலும் யாரும் மீறியதில்லை. நின்றுபோன விமானத்தை எவன் எழுப்பினானோ, முதல் பறப்பில் அவனும் உள்ளே உட்கார வேண்டும். பைலட் படியில் கால் வைக்கும்முன் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்ப்பார். மெக்கானிக் ஏறினால்தான் அவரும் ஏறுவார். பெருமாளும் கல்யாணத்துக்கு முன்னால் அப்படி எத்தனையோ முறை கூசாமல் ஏறியவர்தான்.

கல்யாணம் குற்றாலத்துச் சீசன் நேரத்தில் நடந்தது. பெண் தென்காசி வள்ளித்தாய், மாமன் மகள். மறுவாரம் இருவரும் குற்றாலம் போனார்கள். போகிற வழியில் மாட்டுவண்டியில் உட்கார்ந்து, புது மாப்பிள்ளை தன் வீரத்தைக் காட்டுவதாக நினைத்து, கூட வேலை பார்த்த ஒருவன் முதல் பறப்பில் போய் விழுந்து செத்த கதையைச் சொல்லி வைத்தார். புதுப் பெண்டாட்டியிடம் பேச வேறு கதையா கிடைக்கவில்லை? வள்ளித்தாய் கேட்டுக்கொண்டே வந்தாள். பேரருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவள், அவர் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே ஆகாசத்துல ஏற மாட்டேன்னு சொல்லுங்க."

"என்ன வள்ளி, இதுதானே பொழப்பு."

"ரிப்பேர் பாருங்க. ஏறாதீங்க. சொல்லுங்க, அத்தான்."

சொன்னார். தலையில் கை வைத்துச் செய்கிற சத்தியம் லேசுப்பட்டதல்ல. மீறினால் மீறியவனுக்கு ஒன்றும் ஆகாது. எந்தத் தலையில் கை வைத்தானோ, அந்தத் தலைக்குத்தான் கேடு. அது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. கையில் ஸ்பேனரைப் பிடித்துவிட்டால் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத பெருமாள், இதை மட்டும் அளந்து பார்க்கத் துணியவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் அவர் எழுப்பிய முதல் விமானத்தின் படியில் நின்று பைலட் திரும்பிப் பார்த்தார். பெருமாள் நகரவில்லை. ஏன் என்று கேட்டார்கள். பெண்டாட்டி தலையில் சத்தியம் செய்திருக்கிறேன் என்று அந்தக் கொட்டகையில் சொன்னால் தலைமுறைக்கும் சிரிப்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. வேறொருவன் ஏறினான், விமானமும் நன்றாகத்தான் பறந்தது. ஆனால் பெருமாளுக்குத் தன் வேலையிலேயே நம்பிக்கை இல்லை என்ற பேச்சு பரவிவிட்டது. அடுத்தடுத்து வந்த பைலட்டுகள் அவர் கை பட்ட விமானமா என்று கேட்கத் தொடங்கினார்கள். மேனேஜர் நல்லவர், வேலையை விட்டு நீக்கவில்லை. சரக்கு குறைந்து கம்பெனி ஒரு டகோட்டாவை ஒதுக்கி வைத்தபோது, ஈரக் காற்று இல்லாத இடமாகப் பார்த்து இந்தப் பொட்டலில் நிறுத்தி, காவலுக்கு அவரை அனுப்பினார்.

அப்போது ஊரில் வள்ளித்தாய் சென்னைக்குக் குடிபோகப் பாத்திரங்களைக்கூடக் கட்டி வைத்திருந்தாள். பெருமாள் வந்து, "வேலைய மாத்திட்டான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை அவளே புரிந்துகொள்வாள் என்று நினைத்தார். சொல்லாமல் எப்படிப் புரியும்? அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதை, வருத்தப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். பாத்திரக்கட்டை அவளே பிரித்து அடுக்கினாள்.

பொட்டலில் அவளும் கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள். தண்ணீருக்கு அரை மைல் நடக்க வேண்டும். பேசுவதற்கு ஆடு மேய்க்கிறவர்கள்தான், அவர்களும் மழைக்காலத்தில் வரமாட்டார்கள். ஒருநாள் கொட்டகைக்குள் பாம்பு வந்தது. அண்ணன் முத்துராமலிங்கம் தென்காசியில் ஏட்டாக இருந்தார். அவர் வந்து தங்கையைக் கூட்டிப்போனார். பெருமாள் தடுக்கவில்லை. அவள் சுகமாக இருக்கட்டும் என்பதுதான் அவர் நினைப்பு. அதையும் அவர் வாய்விட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

அதன்பிறகு அவர் தனிதான். காலையில் எழுந்ததும் எஞ்சின்களைப் பார்ப்பார். ஸ்பார்க் பிளக் இருக்க வேண்டிய துளைகளில், அதைக் கழற்றிவிட்டு, ஈரத்தை உறிஞ்சுகிற நீலக் கல் போட்ட சின்னக் குழல்களைத் திருகி வைத்திருந்தார். உள்ளே ஈரம் புகுந்தால் அந்த நீலம் ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். வந்தால் கழற்றி, சட்டியில் வறுத்து, மறுபடி நீலமாக்கி வைக்க வேண்டும். எஞ்சினின் உட்சுவரில் பூசிய எண்ணெய் வழிந்துவிடக் கூடாது என்பதால் எஞ்சினின் முன்னால் உள்ள விசிறியைத் திருப்பவே கூடாது. சக்கரத்தை மட்டும் அவ்வப்போது தள்ளி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பக்கம் அமுங்கி டயர் தட்டையாகிவிடும். பைலட் திருப்புகிற சக்கரத்திலிருந்து வால்வரைக்கும் எஃகுக் கம்பிவடம் கப்பிகளின் மேல் ஓடும். கிணற்றில் கயிறு ஓடுகிற மாதிரிதான். அதையும் அசைத்துக் கொடுக்காவிட்டால் இறுகிப்போகும்.

மூக்குக்கு அடியில் கொம்பு போல ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும்போது எதிர்காற்று அதில் புகுந்து அழுத்துவதை வைத்துத்தான் வேகம் காட்டுகிற முள் நகரும். கூடு கட்ட இடம் தேடும் மண்குளவிகளுக்கெல்லாம் அந்தக் குழாயின் மேல்தான் கண். துணி உறை போட்டுக் கட்டி வைத்தாலும் தினமும் அவிழ்த்துப் பார்ப்பார். இவ்வளவு கவனமும் ஒரு யந்திரத்துக்கு.

ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வந்து மோதும். காற்று வேகமாக வந்து இறக்கையைத் தழுவினால் போதும், நிற்கிற விமானமும் எழும்பப் பார்க்கும். மேலே ஓடுகிற காற்றுக்கும் கீழே ஓடுகிற காற்றுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் அது. இறக்கைகளைத் தரையில் அடித்த முளைகளோடு கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார். அப்படியும் கயிறுகள் முறுகிக்கொண்டு கிறீச்சிடும். விமானத்துக்குள் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். தரையில் நிற்கிற விமானத்தில் உட்காருவது சத்தியத்துக்கு விரோதமில்லை என்று அவரே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருக்கும். அதற்கடியில் வள்ளித்தாய் இருக்கிறாள் என்று நினைப்பார். அந்த நினைப்பு அவரை அழுத்தும். ஒரு சொல் பேசுவதற்கு ஆளில்லாத நாட்களில் தன் குரல் இருக்கிறதா என்று பார்க்க, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார். வள்ளி என்றுதான் கூப்பிடுவார்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் தென்காசி போவார். முதலில் வள்ளித்தாய் வாசலில் நிற்பாள். பிறகு உள்ளே வேலையாக இருப்பாள். பிள்ளை இல்லை. சும்மா உட்கார்ந்து அண்ணன் சோற்றைச் சாப்பிட அவளுக்கு மனமில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அருவிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தாள். கோழிக் குழம்பில் அவளுக்குக் கை ராசி உண்டு. நாளடைவில், சீசன் இல்லாத காலத்திலும் அங்கேயே தங்கிவிட்டாள். கணவன் என்ன செய்கிறார் என்று கேட்பவர்களிடம், "பிளேன் கம்பெனியில இருக்காக" என்பாள்.

சீனப் போருக்கு மறுவருஷம் எல்லாம் மாறியது. வடகிழக்கு மலைகளுக்குச் சரக்குக் கொண்டுபோக விமானம் போதவில்லை. எங்கெங்கோ ஒதுக்கி வைத்ததையெல்லாம் தேடி எடுத்தார்கள். கம்பெனியிலிருந்து ஜீப் வந்தது. அதிலிருந்து கேப்டன் பால்வண்ணநாதன் இறங்கினார். பாளையங்கோட்டைக்காரர். விமானத்தைச் சுற்றி வந்து, சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னவே பெருமாள், நேத்து நிறுத்துனது மாதிரில்லா இருக்கு. இது பறக்குமா?"

"பறக்கும், சார்."

"பறக்கலைன்னா ஒடைச்சு அலுமினியத்துக்குப் போட்டுருவாங்க, பாத்துக்கிடும்."

வேலை தொடங்கியது. சாமான்களையும் பெட்ரோல் பீப்பாய்களையும் மைதீன் என்பவர் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். சென்னையிலிருந்து ஆட்களும் வந்தார்கள். வால் பகுதியில் அசைகிற பாகங்களெல்லாம் துணி போர்த்தியவை. வெயிலில் துணி இற்றுப்போயிருந்தது. அதை உரித்துப் புதுத் துணி கட்டி, அது விறைத்து இறுக மருந்து பூசினார்கள். எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கியிருக்கும். பூசிய எண்ணெய் வடிந்து அடியில் உள்ள சிலிண்டர்களில் தேங்கும். அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் நசுங்காது, எஞ்சினுக்குள் உள்ள இரும்புதான் வளையும். அதனால் முதலில் வடித்து, விசிறியைக் கையால் தள்ளித் தள்ளிச் சுற்றினார்கள். சக்கரங்களை மடக்குவதும் இறக்குவதும் குழாயில் ஓடுகிற எண்ணெயின் அழுத்தம்தான். காய்ந்து வெடித்த ரப்பர் வளையங்களையெல்லாம் மாற்றி, விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கைப்பம்பை அடித்துச் சக்கரங்களை மடக்கி மடக்கி இறக்கினார் பெருமாள். எஞ்சின்கள் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு ஓடத் தொடங்கிய அன்று ஆடுகள் நாலா பக்கமும் சிதறின. பெருமாளின் கண் கலங்கியிருந்தது. புகை என்று சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் கேப்டன் கேட்டார்.

"நாளைக்குக் காலையில தூக்குவோம். நீரு ஏறுவீர்லா?"

பெருமாள் ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒம்ம பழைய கதை எனக்கும் தெரியும், வே. காரணம் கேக்கல. ஆனா நீரு ஏறலைன்னா நானும் ஏறமாட்டேன்."

ஏறாவிட்டால் அலுமினியம். ஏறினால் வள்ளித்தாயின் தலை. சத்தியத்தை வாங்கியவள்தான் அதைத் திருப்பித் தர முடியும். மைதீனின் லாரியில் ஏறிக் குற்றாலத்துக்குப் போனார். வழியெல்லாம் அவளிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தார். அழுவாள். ஏறக் கூடாது என்று அடம்பிடிப்பாள். அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். உண்மையைச் சொன்னால், அவள் அழவேண்டும் என்று அவருக்கு ஆசையாகவே இருந்தது. அவள் மாட்டேன் என்றால் விமானத்தைக்கூட விட்டுவிடலாம் என்று தோன்றியது.

சாரல் தூறிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் எண்ணெய் மினுமினுக்க ஆட்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வள்ளித்தாய் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, அத்தான். சாப்ட்டியளா?"

"ஒண்ணு கேக்கணும், வள்ளி."

"கேளுங்க. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாத்தான இருக்கு."

"அந்தச் சத்தியம்..."

"எந்தச் சத்தியம்?"

பெருமாள் தன் வலது கையைக் காட்டினார்.

"பேரருவியில. உன் தலையில கைய வச்சு. ஆகாசத்துல ஏற மாட்டேன்னு."

துருவுகிற கை நின்றது. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அட, அதா. இன்னுமா ஞாபகம் வச்சிருக்கிய? அப்ப எனக்கு என்ன தெரியும், சின்னப் புள்ள. ஏறிக்கிடுங்க, அத்தான். நான் விட்டுக் குடுத்துட்டேன்."

"பயமா இல்லியா?"

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாள்.

"அப்ப இருந்திச்சு. நீங்க இல்லாட்டா எப்படி இருக்கப் போறோம்னு. பொறவு இருந்து பழகிட்டுல்லா."

அடுப்பில் ஏதோ பொங்கியது. எழுந்து இறக்கி வைத்தாள். பெருமாள் வாசற்படியில் நின்று, நாளைக் காலையில் இந்தப் பக்கம் ஒரு சுற்று வருவோம், வெளியில் வந்து பார் என்றார். பார்க்கிறேன் என்றாள்.

மறுநாள் டகோட்டா ஓடுதளத்தின் கடைசி வரைக்கும் ஓடி, தரையை விட்டது. பெருமாள் பைலட் இருக்கைக்குப் பின்னால் நின்று முட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேகமுள் நடுங்காமல் ஏறியது. தென்காசி வந்தது. அந்தக் காலத்தில் இரண்டாகப் பிளந்து நின்ற கோயில் கோபுரம் விரல் நீளத்துக்குத் தெரிந்தது. சிற்றாறு வெயிலில் மின்னியது. குற்றாலம் இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். ஓர் ஓட்டுக்கூரைகூடத் தெரியவில்லை. கேப்டன் விமானத்தைச் சாய்த்துத் திருப்பினார்.

இறங்கும் நேரத்தில் சக்கரத்துக்கான கைப்பிடியைத் தள்ளினார் கேப்டன். சக்கரம் இறங்கிப் பூட்டிவிட்டது என்று காட்ட வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. எண்ணெய் அழுத்த முள் பாதியில் நின்றது. எஞ்சினோடு ஓடுகிற பம்பு கைவிட்டுவிட்டது என்று பெருமாளுக்குப் புரிந்தது. குனிந்து கைப்பம்பைப் பிடித்து அடிக்கத் தொடங்கினார். முள் அசையவில்லை. அப்போது வந்ததுதான் பயம். தன்னைப் பற்றிய பயம் இல்லை. சிரித்துக்கொண்டே, தேங்காய் துருவிக்கொண்டே விட்டுக் கொடுத்த சத்தியம் செல்லுமா? செல்லாவிட்டால் இந்நேரம் அங்கே வள்ளித்தாய்க்கு என்ன ஆயிற்றோ? அடுப்பில் தீப் பிடித்ததோ, ஈரப் படியில் வழுக்கினாளோ? தோள் கழன்றுவிடும்போல அடித்தார். முள் மெல்ல ஏறியது. கீழே ஏதோ தடாலென்று பூட்டிக்கொண்டது. பச்சை எரிந்தது.

தரையில் நின்றதும் கேப்டன் அவர் முதுகில் தட்டினார். ஒழுகின பம்பை மாற்றினால் போதும், விமானம் தங்கம் என்றார். "மெட்ராஸுக்கு வாரும். இனி எவன் என்ன சொல்லுதான்னு பாப்போம். குவார்ட்டர்ஸும் வாங்கித் தாரேன், குடும்பத்தோட வாரும்." பெருமாளுக்கு அதற்குப் பதில் சொல்லக்கூட நேரமில்லை. மைதீனைத் தேடி ஓடி, குற்றாலத்துக்கு விடுங்கள், சீக்கிரம் என்றார்.

வள்ளித்தாய் அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தாள். முழுசாக, வேர்த்து, கரண்டியும் கையுமாக. பெருமாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் தலையையே பார்த்தார்.

"என்னத்தான், மேலெல்லாம் எண்ணெய்?"

"ஒனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கென்ன ஆகப் போவுது? நல்லாத்தான் இருக்கேன்."

"பிளேன் வந்திச்சே, பாத்தியா?"

"தாளிச்சிக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டிச்சு. நீங்களாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அப்போதுதான் பெருமாள் எல்லாவற்றையும் சொன்னார். நின்ற இடத்திலேயே, மூச்சு விடாமல். சென்னைக் கொட்டகையில் ஏறமாட்டேன் என்று நின்றது, பைலட்டுகள் ஒதுங்கியது, பொட்டலுக்கு அனுப்பியது, எல்லாமே அந்தச் சத்தியத்தால்தான் என்று. வள்ளித்தாய் கரண்டியை வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தாள்.

"அதுக்காகவா அங்கன போய்க் கெடந்திய?"

"ஆமா."

"எனக்காகவா?"

"ஆமா, வள்ளி."

"என்னைப் பிடிக்காம நீங்களே கேட்டு வாங்கிட்டுப் போனியன்னு நெனச்சேன். இன்னைய வரைக்கும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்கேன். ஏன் அத்தான் எங்கிட்டச் சொல்லல? வந்து கேட்டிருந்தியன்னா அன்னைக்கே விட்டுக் குடுத்திருப்பேனே."

மெட்ராஸில் வீடு தருகிறார்கள், வருகிறாயா என்று கேட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பைப் பார்த்தாள், அடுக்கி வைத்திருந்த இலைகளைப் பார்த்தாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு இங்கன பழகிட்டு."

முன்கட்டிலிருந்து யாரோ குழம்பு கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டாள். "நீங்களும் உக்காருங்க, காலையில ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டிய" என்றாள். பெருமாள் கையைக் கழுவிவிட்டு, அருவியில் குளித்து வந்தவர்களோடு பந்தியில் உட்கார்ந்தார். வள்ளித்தாய் வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தாள். அவர் இலையில் ஊற்றிய பிறகு மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பக்கத்து இலைக்காரர் சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தார். அவருக்கு ஊற்றப் போனாள்.